கடலில் பெய்த மழைக்குக் கணக்கு உண்டா?

முதலிலேயே சொல்லி விடுகிறேன். இது வானிலை அறிக்கை அல்ல. நாளைக்கு மழை வருமா, ஸ்கூல் லீவு விடுவார்களா என்று தெரிந்துகொள்ள வந்தவர்கள் ஏமாந்து போவீர்கள். இது ஏற்கெனவே பெய்து முடிந்துவிட்ட ஒரே ஒரு மழையைத் தேடி நான் நாலு மாதம் அலைந்த கதை.

எங்கள் ஊர் செங்கல்பட்டு. சென்னையிலிருந்து ரயிலில் வந்தால் ஊருக்குள் நுழைவதற்குக் கொஞ்சம் முன்னால், தண்டவாளத்தை ஒட்டியே கொளவாய் ஏரி வரும். ஐப்பசி, கார்த்திகையில் அந்த ஏரியை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "போன வருஷத்துக்கு இந்த வருஷம் பரவாயில்லை" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் அந்த ரயில் ஸ்டேஷனுக்குள் நுழையாது. மழை என்றால் எங்களுக்கு ஏரிக்கு வருவதுதான். கொளவாய்க்கு வந்தால் மழை, மதுராந்தகத்துக்குப் போனால் அதுவும் மழை. கடலில் பெய்தால் அதற்குப் பெயர் "வீணாப்போன மழை". நானும் அப்படித்தான் நினைத்துக் கொண்டிருந்தேன்.

கல்லூரியில் என் கூடப் படித்த நண்பன் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பத்துக்காரன். திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்தால் எங்கள் வீட்டிலிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். 2023 நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை அவன் வகுப்புக்கு வரவில்லை. மறுநாள் வந்தவன் கை இரண்டையும் விரித்துக் காட்டினான். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

நடந்தது இதுதான். திங்கள் பின்னிரவு மூன்று மணிக்கு அப்பாவும் அவனும் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போயிருக்கிறார்கள். நாலரை மணி வாக்கில் கிழக்கே கறுத்துக் கொண்டு வந்ததாம். அடுத்த நிமிஷம் மழை. மாமல்லபுரம் லைட்ஹவுஸ் வெளிச்சம் தெரியவில்லை, கரை தெரியவில்லை, போட்டின் மறுமுனையில் இருக்கிற அப்பாவே தெரியவில்லை. என்ஜின் நின்றுவிட்டது. ஆறரை வரைக்கும் இவன் பெயின்ட் வாளியால் தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே ஊற்றிக் கொண்டே இருந்திருக்கிறான். வலையில் பாதியை அறுத்து விட்டுவிட்டு வந்தார்களாம்.

கரைக்கு வந்தால் மணல் காய்ந்து கிடக்கிறது! ஒரு சொட்டு இல்லை. கரையில் நின்றவர்கள், "மழையா? எங்கப்பா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

வகுப்பிலும் அதே கதைதான். செங்கல்பட்டில் அன்றைக்குச் சுள்ளென்று வெயில் அடித்தது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. "நல்லா தூங்கிட்டு கதை விடறான்" என்று ஒருவன் சொன்னான். கொப்புளத்தைப் பார்த்த பிறகும் சொன்னான். நண்பனுக்கு முகம் சுண்டிப் போய்விட்டது.

நான் அப்போது எம்.எஸ்ஸி. இயற்பியல் கடைசி வருஷம். ப்ராஜெக்ட்டுக்கு, கரையோரத்திலும் கரையை ஒட்டிய கடலிலும் வடகிழக்குப் பருவமழையின் போது வெவ்வேறு மழைத் தரவுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு ஒத்துப் போகின்றன என்று பார்ப்பதாகத் தலைப்பு எடுத்திருந்தேன். எடுத்ததற்குக் காரணம் ஆர்வம் என்று சொன்னால் பொய். லேப் உபகரணம் எதுவும் வேண்டாம், எல்லா டேட்டாவும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், லேப்டாப் போதும் என்பதுதான் காரணம். கொப்புளத்தைப் பார்த்த அன்றைக்குத்தான், அந்த மழை ஏதாவது ஒரு கோப்பில் இருந்தே ஆக வேண்டுமே என்று தோன்றியது. அவனுக்காக அதைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். ஒரு மணி நேர வேலை என்றும் நினைத்தேன்.

முதலில் நம்ம ஊர் சரக்கிலிருந்து ஆரம்பித்தேன். இந்திய வானிலை ஆய்வுத் துறை நாடு முழுக்க இருக்கும் மழைமானிகளை வைத்துத் தயாரித்த தினசரி மழை வரைபடம் ஒன்று இருக்கிறது. 1901 முதல் கிடைக்கிறது. 6955 நிலையங்களின் பதிவுகளை வைத்துச் செய்தது. நாட்டைக் கால் டிகிரி கட்டங்களாக, அதாவது ஏறக்குறைய 27 கிலோமீட்டருக்கு 27 கிலோமீட்டர் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அன்றைக்கு எவ்வளவு மழை என்று போட்டிருப்பார்கள். அருமையான வேலை. ஆனால் மாமல்லபுரத்துக்குக் கிழக்கே ஒரு கட்டம் தாண்டியதும் வருகிற எண் என்ன தெரியுமா? மைனஸ் 999. மழை இல்லை என்று அர்த்தமில்லை. அங்கே மழைமானி இல்லை, ஆகவே பதில் இல்லை என்று அர்த்தம். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. 1901லிருந்து எல்லா நாளும் மைனஸ் 999. சென்னையில் 1813லிருந்தே மழையை அளந்து எழுதி வைத்திருக்கிறார்கள். அதே சென்னை லைட்ஹவுஸிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற கடலுக்கு அந்தக் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி கிடையாது.

சரி, கடலுக்கு என்றே இருக்கிற டேட்டாவுக்குப் போவோம் என்று ஜி.பி.சி.பி. என்ற உலக மழைத் தொகுப்பை எடுத்தேன். 1979 முதல் மாதாமாதம், கடல், நிலம் இரண்டுக்கும் உண்டு. பருவநிலை ஆராய்ச்சி செய்கிறவர்கள் அடிக்கடி எடுத்தாளுவது. ஆனால் அதன் பழைய பதிப்புகளில் கட்டம் இரண்டரை டிகிரி. ஏறக்குறைய 275 கிலோமீட்டர். கட்டத்தின் எல்லைக்கோடு சரியாக 80 டிகிரி தீர்க்கரேகையில் போகிறது. செங்கல்பட்டு 79.98-இல் இருக்கிறது, மாமல்லபுரம் 80.19-இல். விளைவு என்னவென்றால், நாங்கள் பெங்களூருடன் ஒரே கட்டத்தில் இருக்கிறோம்! மாமல்லபுரம் சென்னையையும் கூட்டிக் கொண்டு நடுக்கடலோடு சேர்ந்துவிட்டது. (பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். "வாடகை மட்டும் வேற கட்டத்துல இருக்கே" என்றார்.) பத்து வருஷம், இருபது வருஷம் என்று பெரிய கணக்கு போடுகிறவர்களுக்கு அது போதும். ஒரு போட்டின் மேல் இரண்டு மணி நேரம் பெய்த மழையை அதில் தேடுவது, மாவட்டத்தின் வருஷாந்திர பட்ஜெட்டில் நம் வீட்டுப் பால்காரர் கணக்கைத் தேடுவது மாதிரி.

அடுத்தது ஈ.ஆர்.ஏ.5. ஐரோப்பிய வானிலை மையத்தின் தயாரிப்பு. 1940 முதல் மணிக்கு மணி, உலகம் முழுக்க, ஒரு கட்டம்கூட காலி இல்லாமல் இருக்கும். பார்த்ததும் கண்ணில் ஒற்றிக் கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் அது அளந்த மழை அல்ல. காற்று, வெப்பம், ஈரப்பதம் பற்றிக் கிடைக்கிற அளவீடுகளை எல்லாம் ஒரு கணினி மாதிரிக்குள் போட்டு, அந்த மாதிரி "இப்படியென்றால் இவ்வளவு பெய்திருக்கும்" என்று சொல்கிற மழை. இந்த மாதிரிகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. கொட்டித் தீர்க்கிற மழையைக் குறைத்து, லேசான தூறலை நாள் முழுக்கப் பரப்பி விடும். அந்தச் செவ்வாய்க்கிழமைக்கும் அப்படித்தான் காட்டியது. காலையிலிருந்து சாயங்காலம் வரை, மாமல்லபுரத்திலிருந்து வெகுதூரம் வரை, பன்னீர் தெளித்த மாதிரி ஒரு தூறல். அதற்கு யாரும் வலையை அறுத்துவிட்டு வர மாட்டார்கள்.

மிச்சம் இருந்தது சாட்டிலைட். இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இதுதான் எனக்கு மிகவும் பிடித்துப் போன பகுதி.

சாட்டிலைட் மழையைப் பார்க்கிறது என்று சொல்கிறோமே, எப்படிப் பார்க்கிறது? டி.வி.யில் காட்டும் மேகப்படம் அகச்சிவப்பில் எடுத்தது. மேகத்தின் உச்சி எவ்வளவு குளிராக இருக்கிறது என்று அது சொல்லும். உச்சி குளிர்ந்திருந்தால் மேகம் உயரமானது, உயரமானதென்றால் மழை இருக்கலாம் என்பது ஒரு ஊகம். மைக்ரோவேவில் பார்த்தால் மேகத்தை ஊடுருவி உள்ளே இருக்கும் தண்ணீரையே பார்க்கலாம். பூமியில் எல்லாப் பொருளும் தன்னால் கொஞ்சம் மைக்ரோவேவை வெளியிட்டுக் கொண்டிருக்கிறது. கடல்நீர் அதில் கஞ்சன், வெளியிட வேண்டியதில் பாதி அளவுதான் வெளியிடும். ஆகவே சாட்டிலைட்டின் கண்ணுக்குக் கடல் குளிர்ந்த, இருண்ட ஒரு பாய் மாதிரித் தெரியும். அதன் மேல் மழைத்துளிகள் பளிச்சென்று தெரியும். நிலம் அப்படியல்ல, தாராளமாக வெளியிடும். பளிச்சென்ற நிலத்தின் மேல் பளிச்சென்ற மழைத்துளி எங்கே தெரியப் போகிறது? வெள்ளை வேட்டியில் சுண்ணாம்புக் கறை. அதனால் நிலத்தில் வேறு வழி. மேகத்தின் மேல்பகுதியில் இருக்கும் பனித்துகள்கள் கீழிருந்து வரும் கதிர்களைச் சிதறடிக்கும், அந்தக் குறைவை வைத்து மழையைக் கணக்கிடுவார்கள். உயரம் குறைந்த, பனியே உருவாகாத மேகம் கொட்டினால் நிலத்தில் அது சாட்டிலைட்டிடம் மாட்டாமல் தப்பித்துவிடும். வாடைக்காலத்தில் நம் கரையோரம் வரும் மேகங்களில் பல அந்த ரகம்தான்.

கடலுக்கு ஒரு சட்டம், நிலத்துக்கு ஒரு சட்டம். அப்படியானால் கரைக்கு?

அங்கேதான் வில்லங்கம். ஜி.பி.எம். என்ற சாட்டிலைட் 2014 பிப்ரவரியில் ஜப்பானின் தனேகஷிமாவிலிருந்து போனது. அதன் மைக்ரோவேவ் கருவியில் கடல் மழையை நன்றாகப் பார்க்கும் அலைவரிசை 10.65 கிகாஹெர்ட்ஸ். அந்த அலைவரிசையில் அது ஒரே பார்வையில் பார்க்கிற பரப்பு சுமார் 32 கிலோமீட்டர் நீளம், 19 கிலோமீட்டர் அகலம். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலை நடுவில் வைத்து அந்த முட்டை வடிவத்தை வரைந்து பாருங்கள். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் சவுக்குத் தோப்பும் உப்பங்கழியும். பாதி கஞ்சன், பாதி தாராளம். வருகிற மொத்தக் கதிரில் எது நிலத்தால் வந்தது, எது மழையால் வந்தது என்று பிரிப்பது கஷ்டம். ஆகவே கணக்குப் போடுகிறவர்கள் கரையோரத்தைத் தனி வகையாகவே வைத்திருக்கிறார்கள், பிழையும் அங்கேதான் அதிகம். என் நண்பன் வாளியோடு உட்கார்ந்திருந்தது கரையிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள். நடுக்கடலில் பெய்திருந்தால் சுலபமாகக் கிடைத்திருக்கும். செங்கல்பட்டில் பெய்திருந்தால் மழைமானியில் கிடைத்திருக்கும். இரண்டும் இல்லாத இடத்தில் நனைந்திருக்கிறான் பாவி.

போகிற போக்கில் ஒன்று. 2011 அக்டோபர் 12 அன்று இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து மேகா ட்ராபிக்ஸ் என்ற சாட்டிலைட்டை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அனுப்பின. வெப்ப மண்டலத்தை மட்டும் சுற்றிச் சுற்றிப் பார்ப்பதற்காகவே போனது. அதில் மழையைப் பார்க்கும் கருவியின் பெயர் என்ன தெரியுமா? மெட்ராஸ்! உண்மையாகத்தான். நீளமான ஓர் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் அப்படி அமைந்தன, அமைய வைத்தார்கள் என்றும் சொல்லலாம். 2013 ஜனவரியில் அந்த மெட்ராஸ் பழுதாகிவிட்டது. ஈரப்பதம் பார்க்கும் இன்னொரு கருவி அதற்குப் பிறகும் பல வருஷம் உழைத்தது. 2023 மார்ச் 7 அன்று சாட்டிலைட்டைப் பசிபிக் கடலுக்கு மேலே இறக்கி முடித்து வைத்தார்கள். மெட்ராஸ் இன்னும் பத்து வருஷம் ஓடியிருந்தால் என் ப்ராஜெக்ட் எப்படி இருந்திருக்கும் என்று அவ்வப்போது நினைத்துக் கொள்வேன்.

இப்போது என் மானம் போன கதைக்கு வருவோம்.

ஜி.பி.எம்., அதோடு சேர்ந்த மற்ற சாட்டிலைட்டுகள் எல்லாவற்றையும் கலந்து ஐமெர்க் என்று ஒரு தரவு தருகிறார்கள். 0.1 டிகிரி கட்டம், அதாவது 11 கிலோமீட்டர். அரை மணிக்கு ஒரு படம். மூன்று பதிப்புகள் உண்டு. நாலு மணி நேரத்தில் வருவது ஒன்று, பதினாலு மணி நேரத்தில் ஒன்று, மூன்றரை மாதம் கழித்து மழைமானிகளோடு ஒப்பிட்டுத் திருத்தி வருவது கடைசி. அரை மணிக் கோப்புகள் ஏராளம் என்பதால் சோம்பேறித்தனப்பட்டு, நாள் மொத்தம் போட்டுத் தருகிற கோப்பை இறக்கினேன். ஐந்து வருஷ அக்டோபர் முதல் டிசம்பர் வரை, செங்கல்பட்டுக் கட்டத்துக்கு வானிலைத் துறை எண்ணையும் ஐமெர்க் எண்ணையும் தேதிக்குத் தேதி வைத்து ஒப்பிட்டேன். ஒற்றுமையே இல்லை. ஜாதகம் பார்த்தால்கூட இதைவிட நன்றாகப் பொருந்தும். "கரையோரத்தில் சாட்டிலைட் தரவு பயனற்றது" என்று முடிவுரைகூட எழுதி வைத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமைக் கோப்பிலும் நண்பனின் மழை இல்லை, ஏதோ கொசுறாக ஒரு பொட்டு மட்டும் இருந்தது. ஆகவே என் முடிவு சரிதான் என்று வேறு நம்பிக்கொண்டேன்.

சும்மா ஒரு சோதனைக்காக, எல்லோருக்கும் தெரிந்த மழை ஒன்றைப் பார்ப்போமே என்று 2015-ஐ எடுத்தேன். தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47, நுங்கம்பாக்கத்தில் 29. அந்த மழையை எந்தச் சாட்டிலைட்டும் தவற விட்டிருக்க முடியாது. கோடு வரைந்து பார்த்தால், இரண்டிலும் பெரிய மலை மாதிரி உச்சி இருக்கிறது. ஆனால் சாட்டிலைட்டின் உச்சி டிசம்பர் 1, வானிலைத் துறையின் உச்சி டிசம்பர் 2. அட, சாட்டிலைட் மழையை ஒரு நாள் முன்னாலேயே கண்டுபிடித்துவிடுகிறது என்று நோட்டில் எழுதியே விட்டேன். சிரிக்காதீர்கள். அதைக் கொண்டுபோய் எங்கள் வழிகாட்டிப் பேராசிரியரிடமும் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மழைமானியை எத்தனை மணிக்குப் படிப்பாங்க?"

காலை எட்டரை மணிக்கு. நேற்று எட்டரையிலிருந்து இன்று எட்டரை வரை பெய்ததை இன்றைய தேதியில் எழுதுவார்கள். தாம்பரத்தின் 49 சென்டிமீட்டர் டிசம்பர் 2 காலையில் படித்தது. பெய்ததோ பெரும்பாலும் டிசம்பர் 1. சாட்டிலைட்காரர்களுக்கு நாள் என்பது கிரீன்விச் நள்ளிரவிலிருந்து அடுத்த நள்ளிரவு வரை, நம் கணக்கில் காலை ஐந்தரையிலிருந்து மறுநாள் ஐந்தரை. ஒரே தேதியைப் போட்டிருக்கும் இரண்டு கோப்புகளுக்கும் பொதுவாக இருப்பது காலை ஐந்தரையிலிருந்து எட்டரை வரை, வெறும் மூன்று மணி நேரம். நான் ஐந்து வருஷமும் ஒப்பிட்டுக் கொண்டிருந்தது இன்றைய மழையையும் நேற்றைய மழையையும்.

தேதியை ஒன்று நகர்த்தியதும் பாதி வியாதி தீர்ந்துவிட்டது. மீதிக்குக் காரணம் அந்த மூன்று மணி நேரம். வேறு ஊராக இருந்தால் மூன்று மணி நேரம் பெரிய விஷயமில்லை, மத்தியானம் மழை பெய்கிற ஊரில் எந்தக் கோட்டில் வெட்டினாலும் ஒன்றுதான். நம் கரை அப்படியல்ல. வடகிழக்குப் பருவத்தில் பின்னிரவிலும் விடியற்காலையிலும்தான் அது வேலையைக் காட்டும். ராத்திரியில் நிலம் குளிர்ந்து அங்கிருந்து கடலுக்குப் போகிற காற்றும், கடலிலிருந்து வருகிற வாடையும் கொண்டலும் கரைக்கு வெளியே முட்டிக் கொள்ளும். அங்கே மேகம் எழும்பும். சரியாக அந்த நேரத்தில்தான் ஒரு கணக்கு ஐந்தரைக்கு நாளை வெட்டுகிறது, இன்னொன்று எட்டரைக்கு வெட்டுகிறது. கத்தி மழையின் மேலேயே விழுகிறது.

இதை எழுதிக் கொண்டிருக்கும் போதே எனக்கு உறைத்தது. நண்பன் சொன்ன நேரம் என்ன? நாலரையிலிருந்து ஆறரை.

அன்றைக்கு ராத்திரியே அரை மணிக் கோப்புகளை இறக்கினேன். அப்போது 2024 மார்ச், திருத்திய கடைசிப் பதிப்பு அப்போதுதான் வந்திருந்தது. (திருத்தம் என்றாலும் அது மழைமானி இருக்கிற நிலத்துக்குத்தான். கடலில் திருத்துவதற்கு ஆள் இல்லை.) திங்கட்கிழமைக் கோப்பின் கடைசியில், நம் நேரப்படி செவ்வாய் விடிகாலை ஐந்து மணிக்கு முன்னும் பின்னும், மாமல்லபுரத்துக்கு நேர் கிழக்கே இரண்டு கட்டங்களில் சிவப்பாக இருந்தது. அடுத்த இரண்டு படங்களில் மஞ்சள், பிறகு ஒன்றுமில்லை. கரைக்கட்டத்தில் வெள்ளை. மழையின் பெரிய பகுதி திங்கட்கிழமைக் கணக்கில் போயிருக்கிறது, வாலை மட்டும்தான் செவ்வாயில் நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டு மணி நேரத்துக்கும் கூட்டிப் பார்த்தேன். அப்புறம் இன்னொரு கணக்குப் போட்டேன். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். போட் சுமார் எட்டு மீட்டர் நீளம், சராசரி ஒன்றரை மீட்டர் அகலம் என்றால் பன்னிரண்டு சதுர மீட்டர். பதினைந்து லிட்டர் வாளியால் நாற்பது தடவைக்கு மேல் இறைத்தேன் என்று நண்பன் சொல்லியிருந்தான். அறுநூறு லிட்டர், அதாவது ஐம்பது மில்லிமீட்டர். ஐமெர்க் சொன்னது அதில் பாதிகூட இல்லை. ஆனால் வாளிக் கணக்கை நம்பி சாட்டிலைட்டைக் குற்றம் சொல்லவும் முடியாது. வாளியில் எவ்வளவு மழை, எவ்வளவு அலை என்று யாருக்குத் தெரியும்? வாளி நிறைய மொண்டானா, பாதி மொண்டானா? அதோடு 11 கிலோமீட்டர் சதுரத்தின் சராசரி வேறு, பன்னிரண்டு சதுர மீட்டர் வேறு.

சென்னைத் துறைமுகத்தில் 2002 முதல் இருக்கும் டாப்ளர் ரேடாரைப் பற்றிக் கேட்பீர்கள். அதற்கு மாமல்லபுரம் கடல் ரொம்பப் பக்கம், ஐம்பது அறுபது கிலோமீட்டர்தான். அந்தத் தூரத்தில் அதன் கற்றை தண்ணீருக்கு மேலே 700 மீட்டர் உயரத்தில் போகும், ஆகவே தாழ்வான மேகமும் மாட்டும். இருநூறு கிலோமீட்டர் போனால் கற்றை நாலு கிலோமீட்டருக்கு ஏறிவிடும். ஆனால் அந்த நாளின் ரேடார் பதிவு என் கைக்கு எட்டவில்லை. ஆக, எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

அந்தப் படங்களை பிரின்ட் எடுத்துக் கொண்டு ஞாயிற்றுக்கிழமை குப்பத்துக்குப் போனேன். நண்பனின் அப்பா வலை கட்டிக் கொண்டிருந்தார். சிவப்புக் கட்டத்தைக் காட்டி, "அப்பா, இதான் அன்னைக்கு உங்க மேல பெஞ்ச மழை" என்றேன். வாங்கிப் பார்த்தார். கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"இதை எப்ப கண்டுபிடிச்சே தம்பி?"

"போன வாரம்."

"நாங்க அன்னைக்கே கண்டுபிடிச்சிட்டோமே" என்றார்.

சுற்றி இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது? ஆனால் அவர் அந்தத் தாளைக் கீழே வைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார். "கரையில வெயிலு, கடல்ல மழை. அன்னைக்கு எங்களுக்கு எச்சரிக்கை எதுவும் வரலை. போன மாசம் போவாதேன்னு சொன்னாங்க, நாலு நாள் போவலை, கடல் கண்ணாடி மாதிரி கிடந்துச்சு. நாலு நாள் பாடு போச்சு. இந்தக் கட்டத்தையெல்லாம் அவங்களும் பார்ப்பாங்களா?"

பார்ப்பார்கள் என்று சொன்னேன். ஐதராபாத்தில் இன்காய்ஸ் இருக்கிறது, கடலுக்கான முன்னறிவிப்பு அங்கிருந்துதான் வருகிறது. வங்கக்கடலில் நம் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் மிதவைகள் போட்டிருக்கிறது, அவற்றில் மழைமானிகூட உண்டு என்றும் சொன்னேன். மிதவை என்றதும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு. மிதவையைச் சுற்றி மீன் சேரும், மீனைச் சுற்றிப் படகு சேரும், படகைக் கட்டி வைத்து மிதவை பாழாகும். இந்தத் தொல்லை உலகம் முழுக்க உண்டு. "நாங்க கட்டறதில்லைப்பா" என்றார், நான் கேட்காமலேயே.

முன்னறிவிப்பு தப்பினால் திட்டுவது சுலபம். 2024 அக்டோபர் 16 அன்று சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை கொடுத்து, வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை நிறுத்தி வைத்தார்கள், ஞாபகம் இருக்கும். தாழ்வு மண்டலம் மறுநாள் விடிகாலை சென்னைக்குச் சற்று வடக்கே கரையைக் கடந்தது, எதிர்பார்த்த மழை ஊருக்கு வரவில்லை. எல்லோரும் கேலி செய்தார்கள். நான் கேலி செய்யவில்லை. மழைப்பட்டை இருபது கிலோமீட்டர் அந்தப் பக்கம் நின்றால் மைனஸ் 999, இந்தப் பக்கம் நின்றால் தாம்பரம் 49 சென்டிமீட்டர். அந்த இருபது கிலோமீட்டரில் நேற்றுப் பெய்ததையே நம்மால் சரியாக அளக்க முடியாத போது நாளைக்குப் பெய்யப் போவதை எப்படித் துல்லியமாகச் சொல்வார்கள்? அந்த மழையை வீணாப்போனது என்று சொல்வதையும் நான் விட்டுவிட்டேன். ஆற்று நீரும் மழை நீரும் வங்கக்கடலின் மேலே உப்புக் குறைந்த ஒரு போர்வை மாதிரிக் கிடக்கின்றன. கீழே இருக்கும் குளிர்ந்த நீர் மேலே கலந்து வர அது விடாது. புயலுக்குத் தீனி குறையாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ப்ராஜெக்ட்டின் முடிவுரையை மாற்றி எழுதினேன். மதிப்பெண் பரவாயில்லை.

நண்பனுக்கு இதில் ஒரு வெறியே வந்துவிட்டது. நாமே அளப்போம் என்றான். பிளாஸ்டிக் மழைமானி ஒன்றை வாங்கி போட்டின் அணியத்தில் கட்டினோம். முதல் நாள் மழையே இல்லாமல் பாதி நிறைந்து வந்தது. அப்பா விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்பு" என்றார். அலைத்துளி. மிதவைக்காரர்கள் மழைமானியைத் தண்ணீருக்கு மேலே சில மீட்டர் உயரத்தில் வைப்பது ஏன் என்று அன்றைக்குப் புரிந்தது. உயரத்தில் வைத்தால் காற்று மழையை வாய்க்குள் விழ விடாமல் அடித்துக் கொண்டு போகும், அது வேறு பிரச்சினை.

கடைசியில் மானி அவர்கள் வீட்டு மொட்டை மாடிக்கு வந்துவிட்டது. காலை எட்டரைக்கு அப்பாவும் அவனும் மீன் ஏலத்தில் இருப்பார்கள் என்பதால் படிக்கிற பொறுப்பு அம்மாவுக்கு. தினசரிக் காலண்டர் தாளின் பின்னால் எழுதிச் சேர்த்து வைத்திருந்தார்கள். போன பருவம் முடிந்ததும் ஒரு கட்டுத் தாளை என்னிடம் கொடுத்தார்கள். ஒரு நாள்கூட விடவில்லை. உட்கார்ந்து ஆசை ஆசையாகக் கணினியில் ஏற்றினேன். பாதி நாள் வானிலைத் துறையோடு பொருந்துகிறது, பாதி நாள் ஒரு தேதி தள்ளி இருக்கிறது.

ஃபோன் போட்டேன். "அம்மா, காலையில படிச்சதை எந்தத் தேதித் தாள்ல எழுதுவீங்க?"

"இது என்ன கேள்வி? பெஞ்ச தேதியிலதான்" என்றார்கள். "ராத்திரி பெஞ்சா நேத்துத் தாளு. விடிஞ்சப்புறம் பெஞ்சா இன்னைக்குத் தாளு."

"ரெண்டும் சேர்ந்து பெஞ்சா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "கூட எது பெஞ்சுதோ அதுல" என்றார்கள்.